ஆவுளியாவின் பல்

எழுத்தென்பது மாந்தர்க்கு மட்டுமே உரியதென்று யாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். கல்லிலே பொறித்ததைக் கல்வெட்டென்றும், ஓலையிலே கீறியதைச் சுவடியென்றும் உலகம் போற்றுகின்றது. புதுக்கோட்டைச் சீமையோ கல்வெட்டுக்குப் பேர்போனது. குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டையும், சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்துப் பழந்தமிழ் எழுத்தையும் காணப் பிறநாட்டு அறிஞரும் வருகின்றனர். ஆனால், எழுதக் கல்லாத உயிர்களும் தம் வரலாற்றைத் தம் உடம்பிலேயே எழுதி வைத்துச் செல்கின்றன என்பதையும், அவ்வெழுத்தைப் படிக்கும் வழியை இக்காலத்து விஞ்ஞானிகள் கண்டிருக்கின்றனர் என்பதையும் யாம் நன்கு உணர்ந்தது முதுமையிலேதான். அங்ஙனம் எழுதப்பட்ட ஏடொன்று எம் வீட்டுப் பெட்டியிலேயே ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கிடந்தது. அதனை வாசியாது வைத்திருந்த கதையையும், பின்னர் அதனைப் பிரிந்த கதையையும், பழைய மாணவரென்னும் உரிமைபற்றி, இம்மலரின் வாசகர்க்குச் சொல்லத் துணிகின்றோம்.

அவ்வேடு ஒரு பல். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த நீளமுடையது; பழுத்த மூங்கிலின் நிறமுடையது; நுனி ஒருபுறமாகத் தேய்ந்து உளிபோலச் சரிந்திருப்பது. எம் பாட்டியாரின் தேக்குப் பெட்டியிலே, பழைய காசுகளோடும் ஒரு சோடித் தண்டட்டியோடும், மஞ்சள் துணியிற் சுற்றப்பட்டு அது இருந்தது. குழந்தைகளுக்குப் பல் முளைக்குங் காலத்தில் பாட்டியார் அதனை எடுத்துக் கழுவி, ஈறின்மேல் மெல்லத் தேய்ப்பார். பாட்டியாருக்குப் பின் எம் அன்னையார் அவ்வழக்கத்தைக் கைக்கொண்டார். எம் தம்பியின் ஈறும், எம் மக்களின் ஈறும், தம்பி மக்களின் ஈறும் அப்பல்லின் தண்மையை அறிந்தவையே.

அது எம் வீட்டிற்கு வந்த நாள் எமக்கு நன்கு நினைவிருக்கின்றது. 1968ஆம் ஆண்டு, தை பிறந்து சில நாட்கள் சென்றிருந்தன. எமக்கு அன்று வயது எட்டு. மணமேற்குடிக்குத் தென்பால் உள்ள சிற்றூரொன்று எம் தாயார் பிறந்த ஊர். விடியற்காலையிலே எம் பாட்டனாரின் வத்தை கரைக்கு வந்தபோது, அதன் பின்னே கயிற்றாற் கட்டப்பட்டு ஒரு பேருடல் மிதந்து வந்தது. ஏழெட்டுப் பேர் கூடி அதனைக் கரையேற்றினர். ஒன்பதடி நீளமிருக்கும். தோல் யானையின் நிறம். அகன்ற மேலுதட்டிலே தடித்த மீசைமயிர். கண்ணோ உடலுக்கு ஒவ்வாத சிறுமை. "ஆவுளியா! ஆவுளியா!" என்று கூவிக்கொண்டு ஊர் திரண்டது. திருக்கைவலையிலே இரவு சிக்கி, மூச்சு வாங்க மேலே வரமாட்டாமல் அது மாண்டிருந்தது. பாட்டனார் அதன் வாயைத் திறந்து, தேய்ந்த பல்லைத் தடவிப் பார்த்து, "இது கிழம், எனக்கும் மூத்ததாயிருந்தாலும் இருக்கும்" என்றார். இறைச்சி வீட்டுக்கு வீடு பங்கிடப்பட்டது. எம் இலையிலும் வைத்தனர். யாம் உண்டோம், இன்னும் வேண்டுமென்றும் கேட்டோம். இதனை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று.

பாட்டனார் பின்னர் ஒன்பது ஆண்டுகளே வாழ்ந்தார். 1977ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே நாகப்பட்டினத்தைத் தாக்கிய கொடும்புயலுக்கு முன்னாட் கடலுக்குச் சென்றவர் மீண்டிலர். உடலும் கிடைத்திலது. ஆதலின் அவருக்குக் கல்லறையுமில்லை, சாம்பல் கரைத்த துறையுமில்லை. அவர் கையாற் பிடுங்கி, அவர் கையாற் கழுவி, அவர் கையால் எம் பாட்டியாரிடம் கொடுத்த அப்பல் ஒன்றே அவருடைய நினைவாக எஞ்சியது. எம் அன்னையார் அவருக்கு ஒரே மகள். இதனை வாசகர் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பின் நிகழ்ந்தது விளங்குவதற்கு இஃது இன்றியமையாதது.

ஆவுளியா என்று எம் கரையார் வழங்கும் இப்பிராணியைப் புத்தகத் தமிழ் கடற்பசு என்னும். பெயர் பசுவாயினும் உறவு யானையோடுதான். பாலூட்டிகளுள் யானைக்கு மிக நெருங்கிய இனங்களில் இதுவும் ஒன்றென்பதை எலும்பும் மரபணுவும் ஒருங்கே மெய்ப்பிக்கின்றன. ஆழங்குறைந்த கடலின் அடியிலே வளரும் கடற்புல்லே இதன் உணவு. நன்கு வளர்ந்ததொன்று நாளொன்றுக்கு முப்பது, நாற்பது கிலோ வரை மேயும். ஏறக்குறைய பதின்மூன்று திங்கள் சுமந்து ஒரு கன்றையே ஈனும். அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை செல்லும். இத்துணை மெதுவாகப் பெருகும் இனத்திலே ஆண்டுதோறும் சிலவற்றை வலைகள் கொள்ளுமாயின் இனம் தேய்ந்து மறைதல் உறுதி. இதன் வடதிசை உறவாகிய ஸ்டெல்லர் கடற்பசுவை 1741ஆம் ஆண்டில் ஐரோப்பியர் முதன்முதற் கண்டனர். 1768ஆம் ஆண்டிற்குள் அதனை ஒன்றுவிடாமற் கொன்று தீர்த்தனர். இருபத்தேழு ஆண்டுகளே போதியவாயின.

யாம் இக்கல்லூரியிலே விலங்கியல் பயின்று, பின்னர் உயர்நிலைப் பள்ளியொன்றிலே முப்பத்திரண்டு ஆண்டு விஞ்ஞானம் கற்பித்தவரே. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலே கடற்பசு முதல் அட்டவணையில் இடம்பெற்றதென்பதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினோம். அதன் உறுப்பு எதனையும் உத்தரவின்றி வைத்திருத்தல் குற்றமென்பதும் எமக்குத் தெரியும். மாலையில் வீடு திரும்பினால் பெட்டியில் அப்பல் இருக்கும். மாணவர்க்கு ஒன்றும் வீட்டிற்கு ஒன்றுமாக வாழ்ந்த அக்காலத்தை எண்ணி இப்போது நாணுகின்றோம். எனினும், நாணம் மட்டும் எம்மை அசைக்கவில்லை. ஓய்வு பெற்றபின் யாம் வாசித்த சில நூல்களே அசைத்தன. அவற்றிற் கண்டதைச் சுருங்கச் சொல்வோம்.

முதலாவது, அப்பல்லின் அமைப்பு. மரத்திலே ஆண்டு வளையம் இருத்தல்போலக் கடற்பசுவின் தந்தத்திலும் ஆண்டுதோறும் ஒரு படலம் படிகின்றது. ஆஸ்திரேலிய விஞ்ஞானியாகிய ஹெலின் மார்ஷ் அம்மையார் இப்படலங்களை எண்ணி வயதை அறியும் முறையை வகுத்தனர். அம்முறையால் எழுபத்துமூன்று ஆண்டு வாழ்ந்த கடற்பசுவும் அறியப்பட்டுள்ளது. "எனக்கும் மூத்ததாயிருந்தாலும் இருக்கும்" என்று பாட்டனார் சொன்னது வெறும் வாய்வார்த்தையன்று என்பதை இதனை வாசித்தபோது உணர்ந்தோம். 1968ஆம் ஆண்டிலே மாண்ட ஒரு கிழவிலங்கின் பல்லில், தனுஷ்கோடியைக் கடல்கொண்ட 1964ஆம் ஆண்டுப் புயலின் படலமும் இருக்கும். அதற்கு முந்திய பல ஆண்டுகளின் படலங்களும் இருக்கும்.

இரண்டாவது, அப்படலங்களில் எழுதப்பட்டிருப்பது. ஒரு தனிமத்தின் அணுக்கள் யாவும் ஒரே எடையின அல்ல. குணத்தால் ஒன்றாயும் எடையாற் சிறிது வேறாயும் உள்ள அணுக்களுக்கு 1913ஆம் ஆண்டிலே பிரெடெரிக் ஸாடி என்னும் ஆங்கில ரசாயன அறிஞர் ஐசோடோப்பு என்னும் பெயரை வழங்கினார். ஓரிடத்தான் என்பது தமிழ்ப் பெயர். காற்றிலுள்ள கரியணுக்களில் நூற்றுக்கு ஏறக்குறையத் தொண்ணூற்றொன்பது 12 என்னும் எடையுடையன. எஞ்சிய ஒன்று 13 என்னும் எடையுடையது. இரண்டும் அழியாது நிலைப்பவை. கதிர்வீசிக் குறைவன அல்ல. செடிகள் இவ்விரண்டையும் ஒரே அளவிற் கொள்வதில்லை. நெல் கனத்த கரியைப் பெரிதும் விலக்கும். கம்பும், கேழ்வரகும், சோளமும், வரகும் அத்துணை விலக்குவதில்லை. உண்டவர் உடலிலே உண்ட செடியின் அடையாளம் தங்கிவிடுகின்றது. மயிர் திங்களுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்வது. எனவே வரகுச் சோறும் கம்பங்கூழும் உண்டு வாழ்ந்த எம் முன்னோர் ஒருவரின் ஒரு சாண் மயிர் கிடைக்குமாயின், ஏறத்தாழ இருபது திங்கள் அவர் உண்டதையும், எத்திங்களில் நெற்சோறு மிகுந்ததென்பதையும் எடைக்கருவியினாற் கூறிவிடலாம். வாயில் புகுந்தது வயிற்றோடு போயிற்றென்று நினைப்பது பிழை. அது நாமாகவே நின்றுவிடுகின்றது.

கடலிலும் இவ்வாறே. முத்துப்பேட்டை அலையாத்தி மரத்தின் இலையிலே கனத்த கரி மிகக் குறைவு. நீரில் மிதக்கும் நுண்பாசியிலே சற்று மிகுதி. கடற்புல்லிலோ இன்னும் மிகுதி. ஆகவே ஓர் இறாலையோ மீனையோ எடுத்து அதன் தசையை ஆராய்ந்தால், இது புல்வெளியால் வளர்ந்ததா, அலையாத்திக் காட்டால் வளர்ந்ததா, திறந்த கடலால் வளர்ந்ததா என்று வினவலாம். நைட்ரஜனின் ஓரிடத்தான்களோ உணவின் படியைக் காட்டுவன. புல்லிலிருந்து புல்லைத் தின்பதற்கும், அதிலிருந்து அதனைத் தின்பதற்குமாகப் படியொன்றுக்கு ஆயிரத்தில் ஏறக்குறைய மூன்று பங்கு கனத்த நைட்ரஜன் ஏறிச் செல்லும். ஊர்க் கழிவுநீர் கடலிற் கலக்குமிடத்துப் புல்லிலேயே அந்நைட்ரஜன் மிகும். எனவே ஒரு கடற்பசுவின் பல்லைப் படலம் படலமாக ஆராய்தல், அது மேய்ந்த புல்வெளியின் தூய்மையை ஆண்டு ஆண்டாகக் கேட்டறிவதை ஒக்கும். எம் கரையிலே இறால் பண்ணைகள் தோன்றுமுன்னர், விசைப்படகுகள் பெருகுமுன்னர், இவ்விரிகுடா எங்ஙனம் இருந்தது? அதற்குச் சான்று கூறத்தக்க ஏடு எம் வீட்டில் மஞ்சள் துணியிற் சுற்றிக் கிடந்தது.

இம்முறையின் ஆற்றலுக்கு இன்னுமோர் உதாரணம் கூறுதும். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய்க்கரைகளின்மேற் கூட்டங்கூட்டமாய்ப் பறக்கும் தும்பிகளை எல்லாரும் கண்டிருப்பர். அவற்றுள் மஞ்சட்பழுப்பு நிறமுள்ள ஓரினம் ஆண்டுதோறும் அதே பருவத்தில், நன்னீர் அரிதாகிய மாலைத்தீவுகளிலும் வந்து குவிகின்றது. எங்கிருந்து வந்ததென்று தும்பியைக் கேட்பது யாங்ஙனம்? மழைநீரிலுள்ள ஹைட்ரஜனின் ஓரிடத்தான் அளவு நாட்டுக்கு நாடு வேறுபடும். தும்பி புழுவாய்க் கிடந்த குட்டையின் நீர் அதன் சிறகிலே முத்திரையாய் நிற்கும். மாலைத்தீவிற் பிடித்த தும்பிகளின் சிறகை ஆராய்ந்த விஞ்ஞானிகள், அவை அண்மையிலுள்ள தென்னிந்தியாவிற் பிறந்தனவல்ல, இந்தியாவின் வடபாலிலும் அதற்கப்பாலும் பிறந்தவை என்று 2012ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒரு கிராமுக்கும் மிகக் குறைந்த எடையுடைய பூச்சி தன் பிறந்தவூரைச் சிறகிற் சுமந்துகொண்டு கடல் கடக்கின்றது!

மூன்றாவது, மரபணு. ஓரிடத்தான் உணவையும் ஊரையும் சொல்லும். மரபணு குலத்தைச் சொல்லும். உயிரணுவுக்குள்ளே மைட்டோகாண்டிரியா என்னும் சிற்றுறுப்பு உண்டு. அதிலுள்ள டி.என்.ஏ. தாயிடமிருந்தே மக்களுக்கு வருவது. தந்தை வழியில் வாராது. ஆதலின் அதன் எழுத்துக்களை ஒப்பிட்டால், தாய், தாயின் தாய், அவள் தாய் என்று குலவழியைப் பின்தொடர்ந்து செல்லலாம். இதற்கு உயிருள்ள விலங்கைத் துன்புறுத்தவேண்டியதில்லை. கரையொதுங்கிய உடலின் சிறு துண்டும், நூறாண்டு பழமையான எலும்பின் பொடியும் போதும். உலகத்துப் பொருட்காட்சிசாலைகளிற் கிடந்த கடற்பசுக்களின் எலும்பையும் பல்லையும் துளையிட்டெடுத்த பொடியைக்கொண்டே இவ்வினத்தின் குலவழிகளை ஆராய்ந்த கட்டுரையொன்று 2019ஆம் ஆண்டில் வெளிவந்தது. டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தார் நம் கடல்களில் மாண்டொதுங்கியவற்றின் தசையை ஆராய்ந்து, இந்தியக் கடற்பசுக்களின் தாய்வழி தனிப்பட்டதொன்று என்று கண்டனர். இதன் பொருளைச் சிந்தித்தல் வேண்டும். இங்கே அழிந்தால், ஆஸ்திரேலியாவில் ஆயிரக்கணக்கில் உள்ளனவே என்று ஆறுதல் கொள்ளற்கில்லை. ஒரு குடும்பம் முழுதும் மாண்டபின், அதே பெயருடையார் அயலூரில் உள்ளாரென்பது என்ன ஆறுதல்?

இவ்விடத்தில் எம் உள்ளத்தை உறுத்திய எண்ணமொன்றையும் கூறிச் செல்வோம். பழைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்திற்குக் கடலே கிடையாது. 1948ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே அது இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் பகுதியாயிற்று. 1974ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் புதுக்கோட்டை தனி மாவட்டமானபோதுதான், தஞ்சை ஜில்லாவிலிருந்த எம் கரைப்பகுதியும் அதனோடு சேர்ந்து, மாவட்டத்திற்கு நாற்பத்திரண்டு கிலோமீட்டர்க் கடற்கரை வாய்த்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்திலே இந்தியாவும் இலங்கையும் உடன்பட்டுப் பாக் நீரிணையின் நடுவே எல்லைக்கோடு வரைந்தன. ஓராண்டிலே நிலத்திலும் நீரிலுமாக இரண்டு கோடுகள். பாட்டனார் தஞ்சை ஜில்லாவிற் பிறந்து புதுக்கோட்டை மாவட்டத்தில் வாழ்ந்து மறைந்தார். வீடு மட்டும் இடம்பெயரவில்லை. ஆவுளியாவோ எக்கோட்டையும் அறியாது. ஆஸ்திரேலியக் கடலில் செயற்கைக்கோள் கருவி பூட்டி விடப்பட்ட கடற்பசுக்களுட் சில பல நூறு கிலோமீட்டர் சென்றமை கண்டிருக்கின்றனர். புல் இருக்குமிடமே அதன் நாடு. தாய்வழியே அதன் குடியுரிமை. மனிதன் வரைந்த படத்தை வைத்து அதனைக் காக்க முற்பட்டால் பாதியைத்தான் காக்கலாம். அதன் உடம்பில் எழுதிய படத்தை வாசித்தாலன்றி மறுபாதி விளங்காது.

2022ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களிலே தமிழ்நாட்டு அரசினர் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கடற்பகுதியில், அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரை, 448 சதுர கிலோமீட்டர்ப் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தனர். இந்தியாவிலே இவ்விலங்கிற்கென்று அமைந்த முதலாவது காப்பகம் இதுவே. நம் நாட்டில் எஞ்சியவை 240 என்ற அளவிலேயே அப்போது மதிப்பிடப்பட்டன. அறிவிப்பை வாசித்த அன்று எமக்கு மகிழ்ச்சியும் அச்சமும் ஒருங்கே உண்டாயின. பல்லை ஒப்புவித்துவிடுவோமென்று அன்னையாரிடம் கூறினோம். தொண்ணூறை நெருங்கிய அம்மூதாட்டியார் நெடுநேரம் வாய்திறக்கவில்லை. பிறகு, "என் அப்பன் கை பட்ட பொருள் இது ஒன்றுதான். கடலும் ஒன்றும் திருப்பித் தரவில்லை. இதையும் கொடுத்துவிட்டு நான் எதைத் தொட்டுப் பார்ப்பேன்?" என்றார். யாம் விடை சொல்ல மாட்டாது எழுந்து சென்றோம். சட்டம் தெரிந்தது, சாஸ்திரம் தெரிந்தது, அக்கேள்விக்கு விடை அவற்றில் இல்லை.

இவ்வாறிருக்க, 2023ஆம் ஆண்டு மாசி மாதத்திலே ஒரு நாள், மீன்பிடி தொழிலிலேயே நின்றுவிட்ட எம் தம்பியின் மகன் வெறுங்கையனாய் வீட்டிற்கு வந்தான். முகம் வெளுத்திருந்தது. யாது நேர்ந்ததென்று வினவினோம். "பெரியப்பா, வலையில் ஆவுளியா விழுந்துவிட்டது. குட்டிதான், ஆளுயரம் கூட இராது. மூச்சுக்கு மேலே வரப் பார்க்கிறது, வலை விடமாட்டேனென்கிறது. பக்கத்திலேயே தாய் சுற்றிச் சுற்றி வருகிறது. அறுத்துவிட்டேன்" என்றான். எத்துணை வலை போயிற்றென்று கேட்டோம். "பாதிக்கு மேல் போயிற்று. கடன் வாங்கித்தான் கட்டினேன்" என்றான். வலையை அறுத்து விலங்கை விடுவிக்கும் மீனவர்க்கு வனத்துறையார் சன்மானம் வழங்குவதுண்டு. அது வருமா, வாராதா என்பதை அவன் அந்த நேரத்தில் எண்ணியிருக்க முடியாது. கத்தியை எடுத்தபின் எண்ணுவதற்குப் பொழுதேது?

திண்ணையிலிருந்த அன்னையார் இவையனைத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார். பேரனை அருகழைத்து, "தாயும் குட்டியுமாகவா போயின?" என்று கேட்டார். "ஆமாம், அப்பத்தா. குட்டி தாயின் முதுகை ஒட்டிக்கொண்டு போயிற்று" என்றான் அவன். அவ்வளவே உரையாடல். மறுநாட் காலையிலே எம்மை அழைத்துப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். மஞ்சள் துணியை அவிழ்த்துப் பல்லை ஒருமுறை கன்னத்தில் ஒற்றிக்கொண்டார். "உயிரோடு இருந்ததை அந்தப் பிள்ளை கடன்பட்ட வலையை அறுத்து விட்டுவிட்டு வந்தான். செத்ததை நான் பிடித்துக்கொண்டிருப்பதா? கொண்டுபோய்க் கொடு" என்றார்.

விஞ்ஞானத்திலே ஒரு விதியுண்டு. எங்கே, எப்போது, எங்ஙனம் கிடைத்ததென்ற குறிப்பு இல்லாத பொருள் ஊமையை ஒக்கும். எவ்வளவு நுண்ணிய கருவியாலும் அதனை முற்றும் பேசுவித்தல் அரிது. ஆகவே ஒரு தாளை எடுத்து, யாம் அறிந்ததை எழுதத் தொடங்கினோம். 1968 என்பதும், தை என்பதும் எமக்குத் தெரியும். மற்றவை தெரியா. அன்னையாரைக் கேட்டோம். அவரோ கண்ணை மூடிக்கொண்டு, நேற்று நிகழ்ந்ததைச் சொல்பவர்போலச் சொன்னார். கரையிலிருந்து தென்கிழக்கே, இரண்டு பாகத் தண்ணீரில், அடியிலே புல் அடர்ந்த இடம், வாடைக்காற்று, அமாவாசைக்கு மறுநாள், திருக்கைவலை, ஆண் விலங்கு. தம் தந்தையார் அன்றிரவு சோறுண்டுகொண்டே சொன்ன ஒவ்வொன்றும் ஐம்பத்தைந்து ஆண்டு அவர் நினைவிலே இருந்திருக்கின்றது. பல்லிற் பாதிச் செய்தியும், ஒரு மகளின் நெஞ்சிற் பாதிச் செய்தியும் தங்கியிருந்தன என்பதை அன்றுதான் அறிந்தோம்.

எழுதி முடித்துத் தாளை மடிக்கப் போனோம். "அப்பா பெயரையும் எழுது" என்றார் அன்னையார். கொன்றவர் என்று பதிவாகிவிடுமே என்று தயங்கினோம். "பிடித்தவர் என்று எழுது. பொய்யில்லையே. அந்தக் காலத்தில் குற்றமுமில்லை. அவர் பெயர் எங்கேயாவது ஒரு தாளில் இருக்கட்டும்" என்றார். எழுதினோம்.

வனத்துறை அலுவலகத்திலே எம் வாக்குமூலத்தைப் பதிந்துகொண்டு, பல்லையும் தாளையும் ஒருங்கே பெற்றுக்கொண்டனர். அஞ்சியதெல்லாம் எம் உள்ளத்திலேயே இருந்தது. திரும்பி வரும் வழியில் மணமேற்குடிக் கரையிலே சற்றுநேரம் நின்றோம். அலையில்லாத அக்கடல் குளத்தைப் போலக் கிடந்தது. அதன் அடியிலே புல் இருக்கின்றதென்பதைக் கரையிலிருந்து காண இயலாது. காணவியலாமையினாலேயே அதனை நாம் நெடுங்காலம் மதியாதிருந்தோம்.

மாணவ நண்பர்காள்! இப்புதிய முறைகளிலே நீவிர் பயிற்சி பெறுங் காலம் வந்துவிட்டது. ஒரு விலங்கைக் கொல்லாமலே அதன் உணவையும், ஊரையும், குலத்தையும் அறியலாம். உதிர்ந்த சிறகும், கழித்த சாணமும், கரையொதுங்கிய எலும்பும் போதும். ஆனால் கருவி ஒன்றே போதுமென்று எண்ணற்க. பல்லைப் பொடியாக்கி ஓரிடத்தானை அளப்பவர், அப்பல் எந்தத் தண்ணீரிற் கிடைத்ததென்பதை அறிய ஒரு கிழவியாரின் திண்ணைக்கு வரவேண்டியிருக்கும். ஆவுளியாவின் குலம் தனித்ததென்று நிறுவுபவர், அக்குலம் நாளையும் இருப்பதற்குக் கடன்பட்ட வலையை அறுக்கும் ஓர் இளைஞனின் கையை நம்பவேண்டியிருக்கும். ஆராய்ச்சிசாலைக்கும் கடற்கரைக்கும் இடையே நடந்து பழகிய கால்கள் நம் கல்லூரியிலிருந்து பல கிளம்புமாயின், அதுவே எம் விருப்பம்.

எம் வீட்டில் சென்ற ஆண்டு ஒரு கொள்ளுப்பேரன் பிறந்தான். அண்மையிலே அவனுக்குப் பல் முளைக்கத் தொடங்கியது. அன்னையார் பெட்டியண்டை சென்று நின்றுவிட்டுத் திரும்பிவந்து, தம் சுட்டுவிரலைக் கழுவிக்கொண்டு, அவ்விரலாலேயே குழந்தையின் ஈறை மெல்லத் தேய்த்தார். குழந்தை சிரித்தது.